பழைய வேலியும் புதுச் சட்டமும்

பழைய மரத்துக்குப் பக்கத்தில் புது மரத்தை வைத்தால் கண்ணுக்கு உறுத்தும். வரிசையில் ஒரு பல் மட்டும் கட்டிய பல்லாக இருந்தால் தெரிவதில்லையா, அதுபோலத்தான். ஜன்னல் கதவு, ஊஞ்சல் பலகை, மாட்டுக்கொட்டகைக் கைமரம் என்று எதில் பாதியை மாற்றினாலும் இந்தத் தொல்லை உண்டு. வேலியில் இன்னும் அதிகம். வேலி தெருவைப் பார்த்து நிற்பதால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் பெயின்ட் ஷாப்பில்தான். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். பழைய வேலியையும் புது வேலியையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிறத்தில் நல்ல பெயின்டாக அடித்துவிடுங்கள். பழையதும் மறையும், புதியதும் மறையும், மரத்துக்கும் பாதுகாப்பு. என் வீட்டு வேலிக்கு மட்டும் இந்தப் பதில் ஒத்துவரவில்லை. காரணம் என் அம்மா.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். வடக்குப் பார்த்த வீடு. தெருவோரம் கருங்கல் கால் நட்டு, குறுக்குச் சட்டம் இரண்டு ஓட்டி, அதில் தேக்குச் சட்டங்களை வரிசையாக அடித்த வேலி. 1972-ல் அப்பா போட்டது. யாரோ பழைய வீட்டைப் பிரித்தபோது வந்த உத்தரத்தை வாங்கி அறுத்ததாகச் சொல்வார். மொத்தம் 26 சட்டம். கிழக்குக் கோடியில் கேட். மேற்குக் கோடியில் ஒரு பெரிய பூவரசு. அப்பா அந்த வேலிக்கு எந்தக் காலத்திலும் பெயின்ட் அடிக்கவில்லை. தேக்குக்கு எதுக்குடா சட்டை என்பார். வெயிலும் மழையும் பட்டு அது வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததும், அதற்குப் பிறகு நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் கிடந்த கோலமும் இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னையை இழந்தவர்களின் துக்கத்துக்கு முன்னால் என் வேலி ஒரு விஷயமே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கணக்கு இது: பூவரசு வேரோடு சாய்ந்து வேலியின் மேல் விழுந்தது. மேற்குப் பக்கத்து 11 சட்டங்கள் தூள். கேட் பக்கத்து 15 அப்படியே நின்றன. கொல்லையில் 28 வருடமாக வளர்ந்த ஒரு தேக்கும் விழுந்தது.

அம்மாவுக்கு அப்போது வயது 84. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே மறதி ஆரம்பித்திருந்தது. முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு என் மகன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: "வீட்டுல பழகின சாமானை இடம் மாத்தாதீங்க. அவங்களுக்கு அதுதான் வழி காட்டும்."

அது உண்மை என்று தினமும் பார்த்தோம். அம்மா சாயங்காலம் தெரு முனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருவதை மட்டும் விடவில்லை. மேற்கே நூறு தப்படி. திரும்பி வரும்போது பூவரசைப் பார்ப்பார். அதைத் தாண்டியதும் வலது கையை வேலியில் வைத்துச் சட்டம் சட்டமாகத் தடவிக்கொண்டே வருவார். சட்டம் முடிகிற இடத்தில் கேட். உள்ளே திரும்பிவிடுவார். கண்ணில் புரை வேறு இருந்ததால் கைதான் அவருக்குக் கண். அந்த அரைமணி நேரம்தான் அவர் தன்னால் தனியாகச் செய்ய முடிந்த ஒரே காரியம்.

புயலுக்குப் பிறகு பூவரசும் இல்லை, பாதி வேலியும் இல்லை. உடைந்த இடத்தில் தென்னங்கீற்றுப் படல் வைத்து மறைத்தோம். தென்னங்கீற்றுக்கா அப்போது பஞ்சம்! அம்மா கோயிலிலிருந்து திரும்பினார். படலைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். நேரே நடந்து நாலு வீடு தாண்டிப் போய்விட்டார். அந்த வீட்டு மருமகள் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு நானோ என் மனைவியோ கூடவே போக வேண்டியதாயிற்று. "நான் என்ன கைப்பிள்ளையா?" என்று அம்மா கோபப்பட்டார். கொஞ்ச நாளில் கோயிலுக்கே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

சென்னையிலிருந்து மகன் வந்திருந்தான். "பேசாம காம்பவுண்டு சுவர் எடுத்து கிரில் கேட் போட்டுடலாம்ப்பா, நான் பணம் தர்றேன்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் செய்தால் அம்மா கைக்குத் தெரிந்த மிச்ச 15 சட்டமும் போய்விடும். வேலி பழைய வேலியாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கொல்லையில் விழுந்த தேக்கை மார்கழியில் சாமில்லில் கொடுத்து அறுத்தேன். பச்சை மரத்தை உடனே அடித்தால் முறுக்கிக்கொள்ளும். நடுநடுவே துண்டுக் கட்டை வைத்து அடுக்கி, நிழலில் மூன்று மாதம் காயவிட்டோம். பங்குனியில் ஆசாரி வந்து 11 சட்டம் இழைத்துக் கொடுத்தார். இழைத்ததும் பார்த்தால் வைரப் பகுதி தேன் நிறம், ஓரத்து வெள்ளை எலுமிச்சம்பழத் தோல் நிறம். இதைக் கொண்டுபோய் அந்தச் சாம்பல் வேலிக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்!

இங்கே மரம் ஏன் சாம்பலாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தில் நார் இருக்கிறது, அந்த நாரைப் பசைபோல் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளும் இருக்கிறது. வெயில் அந்த லிக்னினை அரித்துவிடும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மேலே மிஞ்சுவது வெறும் நார். அதுதான் சாம்பல் நிறம். இதெல்லாம் மேல்தோலில் மட்டும் நடப்பது. எங்கள் பழைய சட்டத்தின் ஒரு சிம்பை ஆசாரி சீவிப் பார்த்தார். நகக்கண் அளவு ஆழத்தில் 46 வருடத்துக்கு முந்தைய தேக்கு நிறம் அப்படியே இருந்தது.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பழையதையும் இழைத்துப் புதிதாக்கிவிடலாம் என்றார் ஒருவர். அம்மாவின் கைக்கு அது கூடாது. லாரி ஆபீஸிலிருந்து கழிவு ஆயில் வாங்கி அடிக்கலாம் என்றார் இன்னொருவர். கரையான் வராது, உண்மைதான். ஆனால் கன்னங்கரேல் என்று ஆகும், தொடுகிறவர் கையெல்லாம் பிசுக்கு. சாணியும் சாம்பலும் கரைத்துப் பூசச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். முதல் மழைக்குத் தாங்காது. பழையதையும் புதியதையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அடித்தால் கோடு தெரியாது என்றார் ஆசாரி. மிக நல்ல தொழில் யோசனை. ஆனால் ஒரு பழைய சட்டத்தைக் கழற்றப் பார்த்தபோது, துருவேறிய ஆணி மரத்தோடு ஒட்டிக்கொண்டு சட்டமே வெடிக்கப் பார்த்தது. விட்டுவிட்டோம். சும்மா விட்டால் இரண்டு மழையில் தானே சாம்பலாகும் என்றும் சிலர் சொன்னார்கள். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று யார் சொல்வது?

பெயின்ட் கடையில் சாம்பல் நிறம் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும். ஆனால் பெயின்ட் மரத்தின் மேல் உட்காருகிற தோல். பழைய சட்டத்தில் இருப்பது தோல் இல்லை, மரமே அந்த நிறம். பணிமனையில் இதைப் பழகியிருக்கிறேன். அந்தக் காலத்துச் செங்காவிப் பெட்டியோ, பின்னால் வந்த நீலப் பெட்டியோ, ஒரு இடத்தில் அடிபட்டு வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்க முடியாது. அதே டப்பா, அதே நம்பர் என்றாலும் பழசு வெளுத்திருக்கும், புதுசு பளிச்சென்று நிற்கும். கலர் சேர்ப்பது ஒரு வித்தை. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது வெளியே வந்தால் வேறாகத் தெரியும். நேர் வெயிலிலும் பார்க்கக் கூடாது. நிழலில், பகல் வெளிச்சத்தில், காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாமே இருண்டு காட்டும்.

வழி எனக்குப் பழைய வேலியிலேயே கிடைத்தது. ஒவ்வொரு சட்டத்திலும் ஆணிக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு வழிந்திருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை. ஆணியின் இரும்பு மழையில் கரைந்து, மரத்தில் உள்ள துவர்ப்போடு சேர்ந்தால் கறுக்கும். நம் பக்கம் இது ரொம்பப் பழைய வித்தை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சினார்கள். சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரித் துணியின் கறுப்பும் இந்த வழியில் வந்ததுதான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். துரு இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த சாற்றால் அதன்மேல் வரைந்தால் கோடு கறுக்கும். ஸ்வீடன், நார்வே நாடுகளில் புது மர வீடு சீராகச் சாம்பல் நிறத்துக்கு வரவேண்டும் என்று இரும்பு சல்பேட் கரைசலைப் பூசுவது வழக்கம். அந்த இரும்பு சல்பேட்தான் நம்முடைய அன்னபேதி. நம் வைத்தியர்கள் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார்களே, அதேதான்.

பட்டுக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அரைக் கிலோ அன்னபேதி, கால் கிலோ கடுக்காய் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு மருந்து?" என்றார். "வேலிக்கு" என்றேன்.

நேரே சட்டத்தில் பூசவில்லை. இழைத்ததில் மிஞ்சிய துண்டுகளை எடுத்து, பென்சிலால் நம்பர் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு பூசிப் பார்த்தேன். லிட்டருக்கு 30 கிராம் அன்னபேதி கரைத்துப் பூசியபோது வைரப் பகுதி ஒரே நாளில் தேன் நிறம் மாறி மங்கலாயிற்று. மூன்று நாள் வெயில் பட்டதும் சாம்பல் வந்தது. நாலு நாளில் அப்பாவின் வேலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஆயிற்று.

வெள்ளைப் பகுதிதான் மசியவில்லை. அதில் துவர்ப்புச் சத்து போதாது, இரும்புக்குப் பிடிப்பு இல்லை. லேசான துரு மஞ்சள் காட்டியதோடு நின்றுவிட்டது. அந்த இடத்துக்குத்தான் கடுக்காய். கொட்டை நீக்கி இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி முதலில் அதைப் பூசினேன். காய்ந்தபின் அன்னபேதி. அடேயப்பா, மை கொட்டின மாதிரி கறுத்துவிட்டது! கடுக்காய் நீரில் மேலும் நாலு பங்கு தண்ணீர் விட்டேன். ஏழாவது துண்டில் சரியான சாம்பல் வந்தது. என் மனைவி அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ரிட்டையர் ஆனப்புறமும் ஆபீஸ் வீட்டுக்கு வந்துடுச்சு" என்றாள்.

பிறகு 11 சட்டத்தையும் செங்கல் மேல் படுக்க வைத்து, வெள்ளை ஓரங்களுக்குக் கடுக்காய் நீரும், முழுச் சட்டத்துக்கும் அன்னபேதியும் பூசினேன். நிமிர்த்தி வைத்துப் பூசினால் வழிந்து கோடு விழும். பழைய சட்டங்களின் அடிப்பக்கம் மழைச் சேறு தெறித்து ஒரு சாண் உயரத்துக்கு இருண்டிருக்கும். அதனால் புதியவற்றின் அடியிலும் ஒரு சாண் இன்னொரு தடவை பூசினேன். ஆசாரி துருப்பிடிக்காத ஸ்குரு போடலாம் என்றார். வேண்டாம், சாதா இரும்பு ஆணியே அடியுங்கள், அடுத்த மழையில் அதுவும் கோடு விடட்டும் என்றேன். பழைய 15 சட்டத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்று. தென்னை நார் பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். வடக்குப் பார்த்த முகம், பாசி நிறைய.

வேலி நின்றது. பத்து நாள் வெயில் காய்ந்தது. தெருவில் போன ஒருவர், "புயல்ல உங்க வேலிக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டார். பெயின்ட் ஷாப்காரனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

அன்று சாயங்காலம் அம்மாவைக் கோயிலுக்குக் கிளப்பினோம். என் மனைவி கூடப் போய் விட்டுவிட்டு, திரும்பும்போது பத்தடி பின்னால் வந்தாள். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலியருகே வந்தார். நின்றார். கையை வைத்தார். ஒரு சட்டம், இரண்டு சட்டம். கையை எடுத்துக்கொண்டார். தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

கேட்டருகே போய்க் கையைப் பிடித்து, "ஏம்மா, நம்ம வீடுதானே?" என்றேன். "வழவழன்னு இருக்கே" என்றார்.

கண்ணுக்கு வேண்டியதை எல்லாம் செய்தாகிவிட்டது. கைக்கு வேண்டியது பாக்கி இருந்தது. மழையும் வெயிலும் மரத்தின் மெத்தென்ற பகுதியை அரித்துவிடும். கெட்டியான ரேகைகள் வரம்பு மாதிரி மேலே நிற்கும். பழைய சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். உழுத வயலைத் தடவுகிற மாதிரி இருந்தது. புதியது இழைப்புளி விட்டுப்போன வழவழப்போடு இருந்தது.

மறுநாள் வயர் பிரஷ் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ரேகை ஓடும் வாக்கில் மேலும் கீழுமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். மெத்தென்ற பாகம் தூளாகப் போகும், ரேகை எழும்பும். அம்மாவின் கை படுகிற உயரத்தில் இன்னும் ஆழமாகத் தேய்த்து, பிசிறை மட்டும் உப்புத்தாளால் எடுத்தேன். ஒரு சட்டத்துக்கு ஒரு மணி நேரம். நாலு நாள் ஆயிற்று. தோள்பட்டை போயிற்று. தேய்த்த இடத்தில் உள்நிறம் தெரிந்ததால் முன்பு போலவே கடுக்காய் நீரும் அன்னபேதியும் மறுபடி பூச வேண்டியிருந்தது. நிறம் வருவதற்கு ஒரு வாரம் பொறுத்தோம்.

அடுத்த முறை அம்மா வந்தபோது நான் திண்ணையில் இல்லை, உள்ளே இருந்தேன். பார்க்கத் தைரியம் வரவில்லை. கேட் கொண்டி சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். அம்மா உள்ளே வந்து, வேலியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், "காப்பி போட்டாச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அம்மா தனியாகப் போய் வந்தார். தினமும் இல்லை. சில நாள் தடுமாறினார், சில நாள் போகவில்லை. நோய் நின்றுவிடவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்தது, கோயில் மூடினார்கள். திறந்தபோது அம்மாவுக்கு நடை இல்லை. 2021 ஆவணியில் காலமானார். கடைசி மாதங்களில் என்னை யார் என்று தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் சட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அன்னபேதி பச்சை நிறப் படிகமாக இருக்க வேண்டும். பழுத்துத் துருப்பொடியாக இருந்தால் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும், இரும்பு, தகர வாளி ஆகாது. சிமென்ட் தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, எங்கள் வாசலில் இன்னும் இருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டால் ஆபத்து. இது நிறத்துக்கு மட்டும்தான், மரத்துக்குக் காப்பு இல்லை. மேலே எண்ணெயோ வார்னிஷோ அடித்தால் சாம்பல் போய் ஈர மரம் மாதிரி இருண்டுவிடும். முதலில் மரத்தைத் தேயுங்கள், பிறகு கடுக்காய், கடைசியில் அன்னபேதி. எதுவானாலும் துண்டில் பூசி, காயவிட்டு, நிழலில் பார்த்த பிறகே சட்டத்தில் கை வையுங்கள்.

தேக்கின் வெள்ளைப் பகுதி மண் ஈரத்துக்குத் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். போன மழையில் இரண்டு சட்டம் அடியில் இற்றுவிட்டன. மற்ற ஒன்பதில் எங்கள் பூச்சு எது, வெயில் கொடுத்த சாம்பல் எது என்று இப்போது என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆணிகள் கோடு விட்டுவிட்டன. "இனிமே யாருக்குங்க, பெயின்ட் அடிச்சுட்டுப் போங்களேன்" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். இரண்டு சட்டம் நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை வெள்ளை இல்லாமல் வைரமாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், கடுக்காய் தேவைப்படாது.